மருத்துவச் சீட்டும் சூழ்நிலைத் தேர்வும்

சூழ்நிலைத் தேர்வு என்பது ஒரு சம்பவத்தைச் சொல்லி, அதில் மாட்டிக்கொண்டவர் செய்யக்கூடிய நாலைந்து காரியங்களையும் கொடுத்து, ஒவ்வொன்றும் எவ்வளவு பொருத்தம் என்று கேட்கும் தேர்வு. ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளைக் கொண்டு இதை எஸ்.ஜே.டி. என்பார்கள். இயற்பியல், வேதியியல், உயிரியல் எதிலிருந்தும் இதில் கேள்வி வராது. நோயாளி கோபப்படுகிறார், சக மாணவர் காப்பியடிக்கிறார், மூத்த மருத்துவர் தவறான சீட்டில் கையெழுத்துப் போடுகிறார். அப்போது என்ன செய்யலாம், எதைச் செய்யக் கூடாது என்பதுதான் வினா. பிரிட்டன், கனடா, அமெரிக்கா, ஆஸ்திரேலியா, சிங்கப்பூர் நாடுகளின் பல மருத்துவக் கல்லூரிகள் சேர்க்கையின்போது இப்படியொரு தேர்வையோ இதன் உறவுக்காரத் தேர்வு ஒன்றையோ வைக்கின்றன. இந்தியாவில் எம்.பி.பி.எஸ். சேர்க்கைக்கு இது இல்லை. இங்கே நீட் மதிப்பெண்தான் எல்லாம்.

நீட் தேர்வில் 180 கேள்விகள். உயிரியல் 90, இயற்பியல் 45, வேதியியல் 45. சரியான விடைக்கு 4 மதிப்பெண், தவறுக்கு ஒன்று கழியும், மொத்தம் 720. நோயாளியிடம் எப்படிப் பேசுவது என்பதை இதில் எந்தக் கேள்வியும் தொடுவதில்லை. இதற்கு முன்னால், 2007 முதல் 2016 வரை தமிழ்நாட்டில் இருந்த பிளஸ் டூ கட் ஆஃப் முறையும் தொட்டதில்லை. அரியலூர் மாவட்டம் குழுமூரைச் சேர்ந்த அனிதா 2017இல் பிளஸ் டூவில் 1200க்கு 1176 எடுத்தார். அதே ஆண்டு நீட் தேர்வில் 720க்கு 86. ஒரே மாணவியின் பாட அறிவை அளந்த இரண்டு தேர்வுகள் இவ்வளவு தூரம் விலகி நின்றன. நீட்டுக்கு எதிராக உச்ச நீதிமன்றம் வரை போய்ப் பார்த்த அவர் அந்த ஆண்டு செப்டம்பர் 1ஆம் தேதி இறந்தார். 2022இல் திறக்கப்பட்ட அரியலூர் அரசு மருத்துவக் கல்லூரியின் அரங்கத்துக்கு மறு ஆண்டு அவர் பெயர் சூட்டப்பட்டது. தமிழ்நாட்டில் நீட் பற்றிய வாதம் பெரும்பாலும் இந்த இரண்டு எண்களில் எது நியாயமான எண் என்பதைச் சுற்றியே நடக்கிறது. மருத்துவராக வரப்போகிறவரிடம் வேறு எதையாவது அளக்க வேண்டுமா, அளக்கத்தான் முடியுமா என்ற கேள்வி அந்தச் சத்தத்தில் எழும்பவே இல்லை.

அளக்க வேண்டும் என்பதற்கு ஆதாரம் உண்டு. அமெரிக்காவில் மருத்துவ வாரியங்களின் ஒழுங்கு நடவடிக்கைக்கு ஆளான 235 மருத்துவர்களின் கல்லூரிக் காலக் கோப்புகளை, நடவடிக்கைக்கு ஆளாகாத 469 பேரின் கோப்புகளோடு ஒப்பிட்ட ஆய்வு ஒன்று 2005இல் வெளிவந்தது. கல்லூரியிலேயே பொறுப்பின்மை, திருத்தச் சொன்னால் திருந்தாமை போன்ற குறிப்புகள் பதிவானவர்கள் பிற்காலத்தில் நடவடிக்கைக்கு ஆளாகும் வாய்ப்பு ஏறக்குறைய மூன்று மடங்கு இருந்தது. மதிப்பெண் குறைவுக்கும் ஓரளவு தொடர்பு தெரிந்தது என்றாலும் நடத்தைக் குறிப்புகளே வலுவாக நின்றன.

அப்படியானால் நேர்காணல் வைத்தால் போதாதா? தமிழ்நாடு அதை வைத்துப் பார்த்த மாநிலம். 1970 வாக்கில் மருத்துவக் கல்லூரிச் சேர்க்கைக்கான 275 மதிப்பெண்ணில் 75 நேர்காணலுக்கு ஒதுக்கப்பட்டிருந்தது. விளையாட்டு, உடல் உறுதி, பொது ஆற்றல், மருத்துவ நாட்டம் என்று தலைப்புகள் பிரித்து, தேர்வுக் குழுக்கள் தனித்தனியே உட்கார்ந்து மதிப்பெண் போட்டன. அதை எதிர்த்து வந்த பெரியகருப்பன் வழக்கில் உச்ச நீதிமன்றம் அந்த ஆண்டுத் தேர்வு நடந்த விதத்தைக் கண்டித்தது. நேர்காணல் மதிப்பெண் மிகையாகத் தெரிகிறது என்றும் சொன்னது. 1981இல் ஸ்ரீநகர் பொறியியல் கல்லூரி பற்றிய அஜய் ஹாசியா வழக்கில் இன்னும் வெளிப்படையாகப் பேசியது. அங்கே மாணவருக்கு இரண்டு மூன்று நிமிடம்தான் நேர்காணல். கேட்டதோ அப்பா என்ன செய்கிறார், வீடு எங்கே என்பது போன்றவை. அதற்கு மூன்றில் ஒரு பங்கு மதிப்பெண் கொடுப்பதை நீதிமன்றம் ஏற்கவில்லை. 15 விழுக்காட்டுக்கு மேல் போகக் கூடாது என்றது. சிபாரிசுக் கடிதம் எங்கே நுழையும் என்பது ஊரில் எல்லோருக்கும் தெரிந்திருந்ததால், பிறகு நேர்காணல் மறைந்தபோது யாரும் அழவில்லை.

விதிவிலக்காக நின்றது வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி (சி.எம்.சி.). அங்கே எழுத்துத் தேர்வில் முன்னால் வந்தவர்களை வேலூருக்கே வரவழைத்து, சில நாள் தங்கவைத்து, குழு வேலைகள் கொடுத்து, பல பேர் தனித்தனியே கவனித்துத் தேர்ந்தெடுக்கும் முறை இருந்தது. கிராமத்து மிஷன் மருத்துவமனைகளில் பணிபுரிய மனமுள்ளவர் யார் என்று பார்ப்பதும் அதன் நோக்கம். நீட் கட்டாயமானதும் 2017இல் சி.எம்.சி. வழக்காடியது, 100 எம்.பி.பி.எஸ். இடங்களில் ஒரே ஒருவரைத்தான் அந்த ஆண்டு சேர்த்தது. 2020 ஏப்ரல் 29 அன்று உச்ச நீதிமன்றம், சிறுபான்மை நிறுவனங்களுக்கும் நீட் பொருந்தும் என்று தீர்ப்பளித்தது. குணத்தைப் பார்த்துச் சேர்க்கும் முறை தமிழ்நாட்டில் எங்காவது ஒழுங்காக நடந்தது என்றால் அது இங்கேதான். ஆனால் அது சில நூறு பேரை வைத்து நடந்த வேலை. லட்சக்கணக்கானவர் எழுதும் சேர்க்கைக்கு அதை அப்படியே பெருக்கிவிட முடியாது.

சூழ்நிலைத் தேர்வு பிறந்ததற்குக் காரணமே இந்த இக்கட்டுதான்: எல்லோருக்கும் ஒரே கேள்வி, முன்பே முடிவு செய்த விடைக்குறிப்பு, கணினியில் திருத்தம், ஆனாலும் கேட்பது மனிதரோடு மனிதர் பழகும் விதத்தை. இதன் முன்னோடி 1926 வாக்கில் அமெரிக்காவில் வந்த ஒரு ‘சமூக நுண்ணறிவு’ தேர்வு. இன்றைய வடிவத்துக்கு வழி போட்டது 1990இல் மோட்டோவிட்லோவும் கூட்டாளிகளும் வெளியிட்ட ஆய்வு. வேலையைச் செய்யவைத்துப் பார்க்கச் செலவாகும், வேலையின் சம்பவத்தைச் சொல்லி என்ன செய்வாய் என்று கேட்டால் கொஞ்சம் துல்லியம் குறைந்தாலும் காரியம் நடக்கும் என்பது அவர்கள் கண்டது.

மருத்துவச் சேர்க்கைக்கு இதைப் பெரிய அளவில் கொண்டுவந்த முன்னோடிகளில் பெல்ஜியத்தின் பிளாண்டர்ஸ் பகுதி ஒன்று. அங்கே மருத்துவரும் நோயாளியும் பேசும் காட்சிகளை நடிகர்களை வைத்துப் படம் பிடித்து, முக்கியமான இடத்தில் நிறுத்தி, அடுத்து என்ன செய்வது நல்லது என்று கேட்டார்கள். பிலிப் லீவன்ஸ், பால் சாக்கெட் இருவரும் அந்த மாணவர்களைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்தார்கள். சேர்க்கையின்போது வாங்கிய சூழ்நிலை மதிப்பெண்ணுக்கும், 7 ஆண்டு கழித்துப் பயிற்சி மருத்துவராகப் பெற்ற மதிப்பீட்டுக்கும் உள்ள தொடர்பு 0.22; 9 ஆண்டு கழித்துப் பணியில் பெற்ற மதிப்பீட்டோடும் ஏறக்குறைய அதே அளவு. தொடர்பே இல்லை என்றால் 0, முழுத் தொடர்பு என்றால் 1. ஆக இது சின்ன எண்தான். ஆனால் 18 வயதில் ஒரு பிற்பகலில் எழுதிய தேர்வு, 27 வயதில் ஒருவர் நோயாளியிடம் நடந்துகொள்ளும் விதத்தைக் கொஞ்சமாவது முன்கூட்டிச் சொல்கிறது என்பதை அலட்சியப்படுத்த முடியாது. உடற்கூறியல், உயிர்வேதியியல் போன்ற பாடங்களின் மதிப்பெண்ணை இத்தேர்வு கணிக்கவில்லை. அது எதிர்பார்த்ததே. பாட அறிவுத் தேர்வு எங்கே கைவிடுகிறதோ அங்கேதான் இதற்கு வேலை. அதே ஆய்வாளர்கள், காட்சியை எடுத்துவிட்டு வசனத்தை மட்டும் எழுத்தில் கொடுத்தபோது கணிக்கும் திறன் வெகுவாகக் குறைந்ததையும் கண்டார்கள். எழுத்து வடிவம் வாசிப்புத் திறனை அளக்கப் போய்விடுகிறது.

பிரிட்டனில் மருத்துவச் சேர்க்கைக்கான யூகேகேட் தேர்வில் 2013 முதல் சூழ்நிலைப் பகுதி மதிப்பிடப்படுகிறது. 2019இல் அத்தேர்வின் பெயர் யூகேட் ஆனது. 26 நிமிடத்தில் 69 கேள்விகள். முடிவு மதிப்பெண்ணாக வராமல் 1 முதல் 4 வரை தரநிலையாக வரும். கடைசித் தரநிலையில் விழுந்தவர்களைச் சில பல்கலைக்கழகங்கள் பார்ப்பதே இல்லை. கனடாவின் மக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் உருவான காஸ்பர் தேர்வு வேறு பாதையில் போகிறது. அதில் விடைகளே கொடுக்கமாட்டார்கள். காட்சியைப் பார்த்துவிட்டு, என்ன செய்வீர்கள், ஏன் என்று சில நிமிடத்துக்குள் சொந்த வார்த்தையில் பதில் தர வேண்டும். ஒவ்வொரு காட்சிக்கான பதிலையும் வேறொருவர் திருத்துவார். ஒருவருடைய விருப்பு வெறுப்பு முழு மதிப்பெண்ணையும் சாய்த்துவிடாது. பல சிறு அறைகளில் பல பேரைச் சந்திக்கும் குறுநேர்காணல் முறையும் இதே பல்கலைக்கழகத்தில் பிறந்ததுதான்.

ஒரு கேள்வி எப்படி உருவாகிறது என்பதைக் கிட்டப் போய்ப் பார்த்தால் இத்தேர்வின் பலமும் பலவீனமும் புரியும். முதலில் பணியில் இருப்பவர்களிடம் போய், நன்றாக நடந்துகொண்ட, மோசமாக நடந்துகொண்ட உண்மைச் சம்பவங்களைக் கேட்டுச் சேகரிப்பார்கள். 1954இல் பிளானகன் வகுத்துக் கொடுத்த முறை இது. அப்படி அரியலூர் மாவட்டம் செந்துறைப் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையம் ஒன்றில் கேட்டால் கிடைக்கக்கூடிய சம்பவத்தை வைத்து ஒரு மாதிரி வினா:

கிராமப் பயிற்சிக்கு வந்திருக்கும் ஹவுஸ் சர்ஜன் ஒருவர் ஓ.பி.யில் உட்கார்ந்திருக்கிறார். முந்திரிக்கொல்லை வைத்திருக்கும் 58 வயதுக்காரருக்குச் சளிப் பரிசோதனையில் காசநோய் என்று வந்திருக்கிறது. ஆறு மாதம் விடாமல் மாத்திரை சாப்பிட வேண்டும். அவர் வெளியே பெஞ்சில் இருக்க, மகன் மட்டும் உள்ளே வந்து, “அப்பாகிட்ட சொல்லிடாதீங்க மேடம். வெறும் சளின்னு சொல்லிக் குடுத்துடுங்க. தங்கச்சிக்கு மாப்ள பாத்துக்கிட்டு இருக்கோம், ஊருக்குள்ள தெரிஞ்சா வர்ற சம்பந்தமும் போயிடும்” என்கிறார்.

அந்த ஹவுஸ் சர்ஜன் செய்யக்கூடியவை: ஒன்று, சரி என்று சொல்லி, சளிக்கு மாத்திரை என்றே கொடுத்தனுப்புவது. இரண்டு, உடனே பெரியவரைக் கூப்பிட்டு, வரிசையில் நிற்பவர்கள் காதில் விழும்படி நோயின் பெயரைச் சொல்வது. மூன்று, மகனை உட்காரவைத்து, தெரியாமல் ஆறு மாதம் மாத்திரை சாப்பிடவைக்க முடியாது என்று விளக்கி, மெடிக்கல் ஆபீசரையும் வைத்துக்கொண்டு பெரியவரிடம் தனியாகப் பேசுவது. நான்கு, அரியலூர் பெரியாஸ்பத்திரிக்குச் சீட்டெழுதி, அங்கே சொல்லிக்கொள்வார்கள் என்று விட்டுவிடுவது. ஐந்து, மறுநாள் வீட்டாரோடு வரச் சொல்லி, எல்லோரும் இருக்கும்போது சொல்வது. ஒவ்வொன்றுக்கும் மிகப் பொருத்தம், பொருத்தம்தான் ஆனால் சிறந்ததல்ல, பொருத்தமில்லை ஆனால் மோசமில்லை, கொஞ்சமும் பொருத்தமில்லை என்ற நான்கில் ஒன்றைக் குறிக்க வேண்டும்.

விடைக்குறிப்பைத் தயாரிக்க, அனுபவமுள்ள மருத்துவர்கள் பலரைத் தனித்தனியே இதே கேள்விக்கு விடையளிக்கச் சொல்வார்கள். பெரும்பாலோர் ஒத்துப்போகும் விடை குறிப்பாகிறது. தேர்வர் அதையே குறித்தால் முழு மதிப்பெண்; பக்கத்து நிலையைக் குறித்தால் பாதி; எதிர்ப்பக்கம் போனால் ஒன்றும் இல்லை. நிபுணர்களே பிரிந்து நின்றால் அந்த வாக்கியத்தைத் தூக்கிவிடுவார்கள். மேலே சொன்னவற்றில் ஒன்று, இரண்டு, மூன்றில் யாருக்கும் தகராறு வராது. நான்கில் வரும். பொறுப்பைத் தள்ளிவிடுவது போலிருந்தாலும், பயிற்சியில் இருப்பவர் பெரியவர்களிடம் ஒப்படைப்பதில் என்ன தப்பு என்று கேட்பவர் இருப்பார்.

ஐந்தாவதுதான் உண்மையான சிக்கல். லண்டனில் உட்கார்ந்து விடைக்குறிப்பு போடும் குழு, நோயாளியின் அனுமதி இல்லாமல் வீட்டாரைக் கூட்டிவைத்துச் சொல்வதைப் பொருத்தமில்லை என்றே குறிக்கும். அங்கே இரகசியம் நோயாளிக்குச் சொந்தம். பெரம்பலூர், அரியலூர்ப் பக்கம் மாத்திரை வாங்கி வருவது மகன், வேளாவேளைக்கு எடுத்துக் கொடுப்பது மனைவி, மருத்துவமனைக்கு வண்டியில் கூட்டிவருவது மருமகன். இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002ஆம் ஆண்டு நெறிமுறை விதிகளே, நோயின் நிலை பற்றி நோயாளிக்கோ உறவினருக்கோ பொறுப்புள்ள நண்பருக்கோ தேவையான அளவு தெரிந்திருக்கிறதா என்று மருத்துவர் உறுதி செய்துகொள்ள வேண்டும் என்கின்றன. நோயாளியின் நலனோடு குடும்பத்தின் நலனையும் சேர்த்தே சொல்கின்றன. அதே விதிகள் நோயாளியின் இரகசியத்தைக் காக்கவும் சொல்கின்றன. ஆக ஒரே வாக்கியத்துக்கு இரண்டு ஊர்களில் இரண்டு விடைக்குறிப்பு வர வாய்ப்பு இருக்கிறது, இரண்டும் நியாயத்தோடு. நீட் இயற்பியல் கணக்குக்கு இந்தத் தொல்லை கிடையாது. வெளிநாட்டுத் தேர்வொன்றை விலைக்கு வாங்கி இங்கே நடத்தினால், கருணை உள்ளவரைத் தேர்ந்தெடுப்பதற்குப் பதிலாக ஆங்கிலேய மருத்துவ நாகரிகம் தெரிந்தவரைத் தேர்ந்தெடுக்க நேரிடும். அந்த நாகரிகம் சென்னையின் பெரிய பள்ளிகளில் கிடைக்கும், குன்னத்தில் கிடைக்காது.

இத்தேர்வு அளப்பது சரியாக எதை என்பதில் ஆய்வாளர்களுக்குள்ளேயே கருத்து வேறுபாடு உண்டு. “என்ன செய்வீர்கள்” என்று கேட்டால் பொய் சொல்ல இடமிருக்கிறது. “என்ன செய்ய வேண்டும்” என்று கேட்டால் அறிவைத்தான் அளக்கிறோம். சேர்க்கைத் தேர்வுகள் பொதுவாக இரண்டாவதையே தேர்ந்தெடுக்கின்றன. சரியானது எது என்று தெரிந்தவர் அதைச் செய்துவிடுவாரா என்றால், இல்லைதான். ஆனால் எது சரி என்றே தெரியாதவர் செய்வதற்கு வாய்ப்பு இன்னும் குறைவு. 2015இல் ஜெர்மானிய ஆய்வாளர்கள் சிலர் ஒரு குறும்பு செய்தார்கள். சம்பவத்தை மறைத்துவிட்டு விடைகளை மட்டும் காட்டினார்கள். ஏறக்குறைய பாதிக் கேள்விகளிலோ அதற்கு மேலோ, சம்பவம் தெரியாதவர்களும் தெரிந்தவர்கள் அளவுக்கே சரியாக எழுதினார்கள். பொய் சொல்லாதே, கத்தாதே, தட்டிக்கழிக்காதே என்ற பொதுப் புத்தி பல கேள்விகளுக்குப் போதுமானதாக இருந்திருக்கிறது. ‘சூழ்நிலை’ என்று பெயர் வைத்துக்கொண்டு சூழ்நிலை தேவைப்படாத கேள்விகளை எழுதினால் அது கேள்வி எழுதியவரின் சோம்பல் என்றுதான் சொல்ல வேண்டும். மேலே கண்ட ஐந்தாவது வாக்கியம் போன்றவற்றைச் சம்பவம் தெரியாமல் எழுத முடியாது. எழுதுவதற்குக் கடினமானவையும் அவைதான்.

கோச்சிங் அடுத்த கவலை. நீட்டின் விளைவை ஆராய்ந்த நீதிபதி ஏ.கே. ராஜன் குழு 2021இல் அரசுக்குக் கொடுத்த அறிக்கையில், நீட் வருவதற்கு முன் எம்.பி.பி.எஸ். சேர்ந்தவர்களில் ஏறத்தாழ எட்டில் ஒருவராக இருந்த மறுமுறை எழுதியவர்கள், 2020-21இல் பத்தில் ஏழு பேராகிவிட்டதைக் காட்டியது. ஓராண்டு வீட்டில் இருந்து லட்சக்கணக்கில் கட்டிப் படிக்க வசதி உள்ளவர்களுக்கான தேர்வாக அது மாறிய கதை எல்லோரும் அறிந்தது. சூழ்நிலைத் தேர்வுக்குக் கோச்சிங் உதவாது என்று நடத்துபவர்கள் சொல்லிக்கொள்வது உண்டு. பெல்ஜியத்தில் லீவன்ஸ் குழுவே 2012இல் வெளியிட்ட ஆய்வு, பயிற்சி பெற்றவர்கள் குறிப்பிடத்தக்க அளவு கூடுதல் மதிப்பெண் எடுத்ததைக் காட்டியது. இங்கே இத்தேர்வு வந்தால் அடுத்த மாதமே ‘எம்பதி கிராஷ் கோர்ஸ்’ போஸ்டர் பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டில் ஒட்டப்பட்டிருக்கும்.

மொழி இதைவிடப் பெரிது. 2018 நீட் தமிழ் வினாத்தாளில் 49 கேள்விகள் பிழையாக மொழிபெயர்க்கப்பட்டதாக வழக்கு வந்து, தமிழில் எழுதியவர்களுக்கு 196 மதிப்பெண் வழங்கச் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை உத்தரவிட்டது. உச்ச நீதிமன்றம் பின்னர் அதை ரத்து செய்தது. வாய்பாட்டையும் படத்தையும் வைத்து ஊகிக்கக்கூடிய அறிவியல் கேள்விகளுக்கே அந்தக் கதி. சூழ்நிலை வினாவில் மகன் “சொல்லிடாதீங்க” என்று கெஞ்சுகிறாரா, மிரட்டுகிறாரா என்பதில் விடையே மாறும். ஆங்கிலத்தில் எழுதி நீட்டின் மற்ற பன்னிரண்டு மொழிகளுக்குப் பெயர்த்தால் அந்தத் தொனி முதல் பெயர்ப்பிலேயே போய்விடும். ஒவ்வொரு மொழியிலும் தனியே வினா எழுதி, தனியே நிபுணர் குழு வைத்து, பிறகு கடினத்தைச் சமன்செய்ய வேண்டியிருக்கும். செய்ய முடியாத வேலை அல்ல. ஆனால் நீட்டை நடத்தும் தேசியத் தேர்வு முகமை அதைச் செய்யும் என்று நம்ப இதுவரை காரணம் எதுவும் கிடைக்கவில்லை.

இத்தேர்வுக்குச் சாதகமான விஷயமும் சமூக நீதியின் பக்கமே இருக்கிறது. பாட அறிவுத் தேர்வுகளில் வசதியுள்ளோருக்கும் இல்லாதோருக்கும், பெரும்பான்மையினருக்கும் சிறுபான்மை இனத்தவருக்கும் இடையே விழும் இடைவெளி, மேலைநாட்டுச் சூழ்நிலைத் தேர்வுகளில் பொதுவாகக் குறைவாகவே விழுகிறது. காணொளியாக இருந்தால் இன்னும் குறைகிறது. தம்பி தங்கையை வளர்த்து, நோயாளிப் பாட்டியைப் பார்த்துக்கொண்டு, ரேஷன் கடை வரிசையில் நின்று பழகிய அரசுப் பள்ளி மாணவிக்கு மனிதரைச் சமாளிப்பது புதிதல்ல. அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 2020 முதல் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு தரும் மாநிலம், அவர்கள் கையில் ஏற்கெனவே இருக்கும் இந்தச் சரக்கை அளக்க வழி உண்டா என்று யோசிக்கலாம்.

ஆனால் தரவரிசை போட இத்தேர்வு ஏற்றதல்ல. தேர்வர்களில் பெரும்பாலோர் நெருக்கமான மதிப்பெண்களில் குவிந்துவிடுவார்கள். ஒரு மதிப்பெண் வித்தியாசத்தில் ஒருவர் அரியலூர் அரசுக் கல்லூரிக்கும் இன்னொருவர் பல லட்சம் கட்டணத்தில் தனியார் கல்லூரிக்கும் போகிற ஊரில், அந்த ஒரு மதிப்பெண்ணைத் தாங்கும் நுட்பம் இதற்கு இல்லை. பிரிட்டனே, புது மருத்துவர்களைப் பயிற்சி இடங்களுக்கு ஒதுக்க 2013 முதல் பயன்படுத்திய சூழ்நிலைத் தேர்வை 2024 ஒதுக்கீட்டிலிருந்து கைவிட்டது. கடைநிலையில் விழும் சிலரைக் கண்டெடுத்து, மேலும் விசாரிக்கக் கொடி காட்டுவதற்குத்தான் இது உகந்தது.

இந்தியாவில் இன்றைய சட்டப்படி அதற்கும் வழி குறுகியது. 2019ஆம் ஆண்டின் தேசிய மருத்துவ ஆணையச் சட்டம் எல்லாக் கல்லூரிக்கும் நீட் ஒன்றையே நுழைவாயிலாக வைத்திருக்கிறது. தனிக் கல்லூரி இன்னொரு தேர்வைச் சேர்த்துக்கொள்ள முடியாது என்பதை சி.எம்.சி. வழக்கு தெளிவாக்கியது. மீதி இருப்பது சேர்ந்த பிறகான ஐந்தரை ஆண்டு. 2019இல் வந்த புதிய பாடத்திட்டத்தில் மனப்பாங்கு, நெறி, தகவல் தொடர்பு என்ற மூன்றையும் கற்பிக்கும் ஏட்காம் பகுதி கட்டாயம் ஆனது. அரியலூர் அரசுக் கல்லூரியிலும் சிறுவாச்சூரில் உள்ள தனியார் மருத்துவக் கல்லூரியிலும் முதலாண்டிலேயே அது தொடங்குகிறது. அந்த வகுப்புகளுக்கு உள்ளூர் ஆரம்ப சுகாதார நிலையங்களில் சேகரித்த சம்பவங்களைக் கொண்டு, மதிப்பெண் போடாமல் விவாதத்துக்காக மட்டும் சூழ்நிலை வினாக்கள் தயாரிக்க யாருடைய அனுமதியும் தேவையில்லை. தமிழில் எழுதிய வினாக்களும், இம்மாவட்டங்களில் பணிபுரியும் மருத்துவர்களும் செவிலியர்களும் போட்ட விடைக்குறிப்பும் சில ஆண்டுகளில் சேர்ந்துவிடும். பிற்காலத்தில் சேர்க்கைக்கென்று ஒரு தேர்வு வந்தால், அதற்கு வேண்டிய முதல் சரக்கு அதுதான்.